உடற்காவலரைக் கண்ட அறிஞர் மெச்னிகோவ்

ஆண்டு மலரில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துரைப்பது நம் மரபு. இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டவர் மன்னருமல்லர், படைத்தலைவருமல்லர். எனினும் மாபெரும் படையொன்றை உலகுக்குக் காட்டியவர். அப்படை நம் ஒவ்வொருவர் தோலுக்கடியிலும் இரவு பகல் பாராது காவல் புரிந்து வருகின்றது. அதனைக் கண்டறிந்தவர் அறிவியலறிஞர் இலியா மெச்னிகோவ் ஆவார்.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தந்தையாரின் காலில் மட்டை முள் தைக்கின்றது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் மாலை தொடுக்கும் அம்மையாரின் விரலில் ரோஜா முள் குத்துகின்றது. மறுநாள் அவ்விடம் சிவக்கின்றது, வீங்குகின்றது, சுடுகின்றது, வலிக்கின்றது. இந்நான்கு அறிகுறிகளையும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே செல்சசு என்னும் ரோமாபுரி எழுத்தாளர் குறித்து வைத்தார். ஆயினும் இவை ஏன் தோன்றுகின்றன என்பதை நெடுங்காலம் எவரும் அறிந்திலர். வீக்கமும் சீழும் உடலுக்கு வந்த கேடு என்றே மருத்துவர்கள் எண்ணினர். அவை உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் போரின் அடையாளங்கள் என்று கூறுவதற்கு ஒருவர் பிறக்க வேண்டியிருந்தது.

பிறப்பும் இளமையும்

மெச்னிகோவ் 1845-ஆம் ஆண்டு மே மாதத்தில் கார்க்கோவ் நகருக்கு அருகிலிருந்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். அப்பகுதி அக்காலத்தில் ரசியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இன்று உக்ரேன் நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் அரசரின் காவற்படையில் அதிகாரியாகப் பணிபுரிந்தவர். ஐந்து மக்களுள் இளையவரான மெச்னிகோவுக்குத் தம் அன்னையாரிடம் அளவற்ற பற்று உண்டு. மகனின் அறிவு வேட்கையைக் கண்டு ஊக்கமூட்டியவர் அவ்வன்னையாரே.

சிறுவயதிலேயே செடி கொடிகளையும் பூச்சி புழுக்களையும் கூர்ந்து நோக்குவதில் அவருக்குப் பேரார்வம் இருந்தது. தாம் கற்றதைத் தம்மையொத்த சிறார்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆசிரியரைப் போல விளக்குவாராம். கார்க்கோவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளில் முடிக்க வேண்டிய படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்து, 1864-இல் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சென்று கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்தார். 1870-இல், 25 வயதே நிரம்பிய அவர், கருங்கடற் கரையிலுள்ள ஒடெசா நகரப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார்.

துன்பம் சூழ்ந்த காலம்

கல்வியில் உயர்ந்த மெச்னிகோவின் இல்வாழ்வில் துன்பமே முந்தி வந்தது. 1869-இல் அவர் லுத்மிலா என்னும் நங்கையை மணந்தார். மணமகள் அப்போதே காசநோயால் நலிவுற்றிருந்தார். நடக்கவும் இயலாத நிலையில், நாற்காலியில் அமர்த்தித் தூக்கிச் சென்றே திருமணம் நடைபெற்றது. மனைவியின் மருத்துவச் செலவுக்காக மெச்னிகோவ் ஓய்வின்றி உழைத்தார். வெப்பமான இடத்தில் இருந்தால் நோய் தணியும் என்று கருதி, அம்மையாரை மதெய்ரா தீவுக்கு அழைத்துச் சென்றனர். அங்கேயே 1873-இல் அவர் உயிர் நீத்தார்.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்தில்லை. அந்நோயை விளைவிக்கும் கிருமி யாதென்பதும் அப்போது தெரியாது. ராபர்ட் கோக் அதனைக் கண்டறிந்தது 1882-இல்தான். கண்ணெதிரே மனைவி மெலிந்து மடிந்ததைக் காண நேர்ந்த மெச்னிகோவ் வாழ்வையே வெறுத்தார். கண் பார்வையும் குன்றியது; உடல் நலமும் கெட்டது. அத்துயரிலிருந்து அவரை மீட்டவை இரண்டு. ஒன்று, அவருடைய ஆராய்ச்சி. மற்றொன்று, 1875-இல் அவர் மணந்த ஒல்கா அம்மையாரின் துணை. ஒல்கா ஓவியம் வல்லவர்; கணவரின் ஆய்வுக்கூடத்திலும் உதவி புரிந்தவர். பிற்காலத்தில் கணவரின் வரலாற்றை நூலாக எழுதியவரும் அவரே.

1881-இல் ரசிய மன்னர் கொல்லப்பட்டார். நாடெங்கும் குழப்பம் மூண்டது; பல்கலைக்கழகங்களிலும் அமைதி குலைந்தது. மெச்னிகோவ் 1882-இல் தம் பதவியைத் துறந்து, இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் மெசினா நகரில் குடும்பத்தோடு குடியேறினார். கையில் பதவியில்லை, பெரிய ஆய்வுக்கூடமில்லை. வீட்டுக் கூடத்தில் ஒரு நுண்ணோக்கி மட்டுமே இருந்தது.

முள் காட்டிய உண்மை

1882-ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், வீட்டார் அனைவரும் சர்க்கசில் வித்தை காட்டும் குரங்குகளைக் காணச் சென்றனர். மெச்னிகோவ் மட்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சுகளை அவர் நோக்கிக்கொண்டிருந்தார். அக்குஞ்சுகளின் உடல் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் தன்மையது. உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே காணலாம். அவ்வுடலுக்குள் சில உயிரணுக்கள் தாமாகவே ஊர்ந்து திரிந்தன.

அவை ஏன் திரிகின்றன? உணவைத் தேடியா? அன்றி உடலுக்குள் புகுந்த பகையைத் தேடியா? இவ்வெண்ணம் தோன்றியவுடன் அவர் உள்ளம் பரபரத்தது. தம் ஊகம் மெய்யாயின், குஞ்சின் உடலில் ஒரு முள்ளைச் செருகினால் அவ்வுயிரணுக்கள் விரைந்து வந்து முள்ளைச் சூழ்ந்துகொள்ள வேண்டும் என்று அவர் கருதினார். மனிதரின் விரலில் சிராய் ஏறினால் அதனைச் சுற்றிச் சீழ் கட்டுவதையும் அவர் எண்ணிப் பார்த்தார். நட்சத்திர மீன் குஞ்சுக்கோ இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே அதன் உடலில் உயிரணுக்கள் கூடினால், அவை தாமாகவே வந்தன என்பது தெளிவாகும்.

உடனே தோட்டத்திற்குச் சென்று ரோஜாச் செடியிலிருந்து சில முட்களைக் கொய்து வந்தார். அவற்றை அச்சிற்றுயிர்களின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பொழுது புலர்ந்ததும் நுண்ணோக்கியில் நோக்கினார். அவர் எதிர்பார்த்தவாறே ஊரும் உயிரணுக்கள் முள்ளைச் சுற்றிக் கூட்டமாக மொய்த்திருந்தன!

அவ்வுயிரணுக்களுக்கு விழுங்கணுக்கள் என்று பெயர் அமைந்தது. வியன்னா நகரப் பேராசிரியர் கார்ல் கிளாஸ் என்பார் 1883-இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அப்பெயரை ஆக்கித் தந்தார். அடுத்து மெச்னிகோவ் குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை ஆராய்ந்தார். ஊசி போன்ற பூஞ்சை வித்துக்கள் அதன் உடலுக்குள் புகுகின்றன. விழுங்கணுக்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்கினால் நீர்த்தெள்ளு பிழைக்கின்றது; வித்துக்கள் மிகுந்து விழுங்கணுக்கள் தோற்றால் அது மடிகின்றது. நோய் என்பது இருதரப்புப் போர் என்பதை இதனால் 1884-இல் அவர் விளக்கினார்.

தோலுக்கடியில் உள்ள காவற்படை

நம் தோலின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். வெளியே தெரிவது மேல்தோல். இது வீட்டின் மதில் போன்றது. அதன் கீழே உள்தோல் இருக்கின்றது. நார்களால் பின்னப்பட்ட இணைப்புத் திசுவாலானது அது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் அதனுள் அமைந்துள்ளன. காவலர்கள் குடியிருப்பதும் அங்கேதான்.

அவருள் முதல்வர் பெருவிழுங்கணுக்கள். மதிலைத் தாண்டிப் புகுந்த கிருமிகளையும் மடிந்த உயிரணுக்களின் குப்பையையும் இவை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. இரண்டாமவர் மாஸ்ட் உயிரணுக்கள். இவற்றைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். துணிக்கு ஏற்றும் சாயங்களைக் கொண்டு அவர் உடல் திசுக்களுக்கு நிறமூட்டிப் பார்த்தார். அவ்வாறு செய்கையில், இணைப்புத் திசுவில் நெல்மணி நிறைந்த கோணிப்பை போலச் சிறு மணிகள் நிறைந்த உயிரணுக்களைக் கண்டார். 1878-இல், மருத்துவ மாணவராக இருந்தபோதே, தம் பட்ட ஆய்வேட்டில் அவற்றை விளக்கி எழுதினார்.

அம்மணிகளில் இருப்பது எச்சரிக்கை மணியோசை போன்ற பொருள். அதற்கு ஹிஸ்டமின் என்று பெயர். கொசு கடித்தாலும் முள் குத்தினாலும் மாஸ்ட் உயிரணு அப்பொருளை வெளிவிடுகின்றது. உடனே இரத்தக் குழாய்கள் விரிகின்றன; தோல் சிவக்கின்றது. குழாயிலிருந்து நீர் கசிகின்றது, வீக்கம் எழுகின்றது. அவ்வழியே இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் வெளிப்போந்து, போர் நடக்கும் இடத்திற்கு விரைகின்றன. போரில் மடிந்த வெள்ளணுக்களும் கிருமிகளும் சேர்ந்ததே சீழ். செல்சசு குறித்து வைத்த நான்கு அறிகுறிகளின் காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ?

இருபது ஆண்டு வாதம்

மெச்னிகோவின் கொள்கையை உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வெள்ளணுக்கள் கிருமிகளைச் சுமந்து சென்று உடலெங்கும் பரப்புகின்றன என்றே பலர் நம்பினர். அவர் பெர்லின் நகருக்குச் சென்று பெரும்புகழ் பெற்ற கோக்கிடம் தம் ஆய்வைக் காட்டியபோது, நல்வரவு கிடைக்கவில்லை. பாரிசு நகரில் லூயி பாஸ்டர் அவரை அன்புடன் வரவேற்றார். 1888-இல் பாஸ்டர் கழகத்தில் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் அளிக்கப்பட்டது. எஞ்சிய 28 ஆண்டுகளையும் அவர் அங்கேயே கழித்தார்.

1890-இல் பெரிங் என்பாரும் ஜப்பானிய அறிஞர் கித்தசாத்தோவும் மற்றோர் உண்மையைக் கண்டனர். நோயை வென்ற விலங்கின் இரத்த நீரில், நஞ்சை முறிக்கும் பொருள்கள் உண்டாகின்றன என்பதே அது. இதனைக் கேட்டவுடன் எதிர்த்தரப்பினர் மகிழ்ந்தனர். உடலைக் காப்பது இரத்த நீரே, உயிரணுக்கள் அல்ல என்று வாதிட்டனர். மெச்னிகோவ் சளைக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தபோதெல்லாம் புதிய சோதனை ஒன்றைச் செய்து விடை அளித்தார். 1901-இல் தம் ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்து, நோய்த்தடுப்பாற்றல் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

அதே 1901-ஆம் ஆண்டில் நம் கிள்ளானில் என்ன நடந்தது தெரியுமா? மலேரியாக் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டிருந்தது. மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து, சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து கொசுக்களை ஒழிக்க முற்பட்டார். கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதற்கு ஓராண்டு முன்னர், 1900-இல் தோன்றியிருந்தது. பாரிசிலும் கிள்ளானிலும் ஒரே காலத்தில் நோயோடு போர் நடந்தது. ஒருவர் உடலுக்குள்ளிருக்கும் காவலை ஆராய்ந்தார். மற்றவர் உடலுக்கு வெளியே காவல் அமைத்தார்.

வாதம் எவ்வாறு முடிந்தது? 1903-இல் லண்டன் அறிஞர் ஆல்ம்ராத் ரைட் தம் துணைவருடன் ஓர் உண்மையைக் கண்டார். இரத்த நீரிலுள்ள பொருள்கள் கிருமியின் மேல் படிகின்றன. வெறுஞ்சோற்றில் குழம்பு ஊற்றியவுடன் பிள்ளைகள் விரும்பி உண்பதைப் போல, அப்பொருள் படிந்த கிருமியை விழுங்கணு விரைந்து உண்கின்றது! ஆகவே இருதரப்பாரும் பாதி உண்மையைக் கண்டவர்களே. இரத்த நீரும் உயிரணுவும் கைகோத்தே நம்மைக் காக்கின்றன. 1908-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு மெச்னிகோவுக்கும் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் ஒரே பரிசால் சிறப்பிக்கப்பட்டனர்.

தோட்டத் தொழிலாளருக்குக் கிட்டிய பயன்

மெச்னிகோவின் மாணவர் ஒருவரால் நம் முன்னோரின் தாயகத்திற்கும் பெரும்பயன் விளைந்தது. வால்டிமார் ஹாஃப்கின் என்பவரே அம்மாணவர். ஒடெசாவில் மெச்னிகோவிடம் பயின்ற அவர், ஆசிரியரைப் பின்தொடர்ந்து பாரிசுக்கு வந்தார். முதலில் அங்கு நூலகப் பணியே கிடைத்தது. ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்து, 1892-இல் வாந்திபேதி நோய்க்கு ஊசி மருந்தொன்றை உருவாக்கினார். அதனை முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். 1893-இல் இந்தியாவுக்குச் சென்று, கல்கத்தாவிலும், பின்னர் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையிலும் அம்மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தினார். 1897-இல் பம்பாயில் பிளேக் நோய்க்கும் தடுப்பூசி கண்டார். மும்பையில் அவர் பெயரால் ஆராய்ச்சிக் கழகம் இன்றும் நடைபெற்று வருகின்றது. ஊசி மருந்து தோலுக்கடியில் சென்றவுடன் அதனை முதலில் சந்திப்பவை, ஆசிரியர் கண்டறிந்த அவ்விழுங்கணுக்களே என்பது எண்ணத்தக்கது.

இறுதிக் காலம்

முதுமையில் மெச்னிகோவின் கவனம் நீண்ட ஆயுளின்பால் திரும்பியது. குடலிலுள்ள தீய நுண்ணுயிர்கள் முதுமையை விரைவுபடுத்துகின்றன என்று அவர் கருதினார். தயிரைப் போன்ற புளித்த பாலை நாள்தோறும் அருந்தி வந்தார். அவர் கூறிய அளவுக்குத் தயிர் ஆயுளை நீட்டும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் குடல்வாழ் நுண்ணுயிர்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு அது வித்திட்டது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஆய்வுக்கூடத்து இளைஞர்கள் போர்க்களம் சென்றனர். உயிர்களைக் காக்க உழைத்த அவருக்கு அது தாங்கொணாத் துயரம் தந்தது. இதயம் நலிவுற்று, 1916-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், 71-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய சாம்பல் பாஸ்டர் கழக நூலகத்தில் கலசமொன்றில் வைக்கப்பட்டுள்ளது.

இன்று நாம் அறிந்தவை

அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் அவர் தொடங்கிய ஆராய்ச்சி ஓயவில்லை. நம் பாட்டிமார் சிலரின் கைகளில் பச்சை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளாகியும் அது ஏன் அழிவதில்லை? உள்தோலிலுள்ள பெருவிழுங்கணுக்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவற்றால் மையைச் செரிக்க முடிவதில்லை. ஒரு விழுங்கணு மடிந்தால், அது விட்டுச் சென்ற மையை அடுத்த விழுங்கணு எடுத்துக்கொள்கின்றது. பிரான்சு நாட்டு அறிஞர்கள் எலிகளிடம் சோதனை செய்து 2018-இல் இதனைக் கண்டனர். பாட்டியின் கையிலுள்ள கோலத்தைத் தலைமுறை தலைமுறையாக ஏந்தி நிற்பவை அக்காவலர்களே!

சில கிருமிகள் காவலரையே ஏமாற்றுகின்றன. காசநோய்க் கிருமி பெருவிழுங்கணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழ வல்லது. மெச்னிகோவின் முதல் மனைவியைக் கொண்டுபோன கிருமி அதுவே. அக்கிருமிக்கு எதிராகக் காவலரைப் பழக்கும் பி.சி.ஜி. தடுப்பூசி 1921-இல் பிரான்சில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு அவ்வூசி கையில் போடப்படுகின்றது. உங்கள் மேற்கையிலுள்ள சிறு தழும்பு, உள்தோலில் நடந்த அப்பயிற்சியின் அடையாளமே.

தொழுநோய்க் கிருமியும் அவ்வாறே தோலின் விழுங்கணுக்களிலும் நரம்புகளிலும் மறைந்து வாழ்கின்றது. அந்நோயாளருக்காக 1930-இல் சுங்கை பூலோவில் தனிக் குடியிருப்பு அமைக்கப்பட்டது. உற்றார் உறவினரைப் பிரிந்து அங்கு வாழ்நாளைக் கழித்தோர் பலர். இன்று மாத்திரைகளாலேயே அந்நோய் முற்றும் குணமாகின்றது. எவரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. தோலில் வெளிறிய தேமல் தோன்றி அவ்விடம் உணர்ச்சியற்றிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலந்தாழ்த்தினால் கைகால் நரம்புகள் பழுதுறும்.

பெற்றோர்களுக்கும் தொழிலாளத் தோழர்களுக்கும் மேலும் ஒரு சொல். இனிப்பு நீர் உடையவர்களின் இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது விழுங்கணுக்கள் சோர்ந்து போகின்றன. காலில் முள் தைத்தாலும் வலி தெரிவதில்லை. சிறு புண்ணே பெரும் புண்ணாகிக் காலை இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லும். ஆகவே வேலைக்குச் செல்வோர் காலணி அணிதல் வேண்டும். மாலையில் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். புண்ணைச் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவுதல் வேண்டும். ஆழமாக முள்ளோ ஆணியோ ஏறினால் மருத்துவரிடம் காட்டி, தேவையாயின் இசிவுநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளல் வேண்டும். நம் காவலர் எத்துணை வலியராயினும், அவருக்கு நாமும் துணை நிற்றல் கடமையன்றோ?

மாணவச் செல்வங்களே! மெச்னிகோவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவன யாவை? பெரிய கருவிகள் இல்லையென்று அவர் சோர்ந்திருக்கவில்லை. ஒரு நுண்ணோக்கியும் சில ரோஜா முட்களும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. துன்பம் அடுக்கடுக்காக வந்தபோதும் கேள்வி கேட்பதை அவர் நிறுத்தவில்லை. பெரியோர் மறுத்தபோது சினந்து பேசுவதோடு நில்லாமல், சோதனையால் விடையளித்தார். நீங்களும் காண்பனவற்றை எல்லாம் ஏன், எவ்வாறு என்று கேட்டுப் பழகுங்கள். கேட்ட கேள்விக்கு நீங்களே விடை தேடப் புறப்படுங்கள். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நம் தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் சிறார்களிடையேயிருந்தும் நாளை ஒரு மெச்னிகோவ் தோன்றுதல் கூடும். அந்நாளைக் காண நாம் ஆவலோடு காத்திருக்கின்றோம். வாழ்க அறிவியல்! வளர்க நம் பள்ளி!